புதிய வாடகைச் சட்டம்: பயிற்சியை எங்கே தொடங்குவது?

வணக்கம் சகோதரி. லண்டன் வாடகை முகவர் அலுவலகத்தில் சக ஊழியர்களுக்கு 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தை ஒரே மாலையில் எப்படிக் கற்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பழைய 1988 வீட்டுவசதிச் சட்டத்தின் பிரிவு 21இல் தொடங்குங்கள். காரணம் சொல்லாமல் வெளியேற்றும் அந்த அறிவிப்பை 2026 மே 1 முதல் கொடுக்க முடியாது. பழகிய கைதான் தவறு செய்யும். இனி காரணம் காட்டித்தான் வெளியேற்ற முடியும்; அதற்கான, அதே 1988 சட்டத்தின் பிரிவு 8ஐச் சட்ட வாசகமாகப் படித்துக் காட்டாதீர்கள், மனத்தில் நிற்காது. "உரிமையாளர் வீட்டை விற்கப் போகிறார்" என்று ஒரு மாதிரி வழக்கைக் கொடுத்து, அறிவிப்பை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். குடியேறிய முதல் 12 மாதங்களுக்குள் இந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது, 4 மாத அவகாசமும் வேண்டும் என்பது அப்போதுதான் பதியும். வாடகை உயர்வுக்குப் பத்து நிமிடம் போதும். தொலைபேசி எடுப்பவரையும் கட்டாயம் உட்காரவையுங்கள்: விளம்பரப்படுத்திய வாடகைக்கு மேல் யார் தர முன்வந்தாலும் ஏற்கக் கூடாது என்பது முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும்.