வேலைக்கும் மலைக்கும் குடும்பத்துக்கும் ஒரே பைக் வேண்டும்: எதை வாங்கலாம்?

தினமும் வேலைக்கு, மாதம் ஒருமுறை மலைக்கு, அவ்வப்போது மனைவியோடு வெளியூருக்கு. மூன்றுக்கும் ஒரே வண்டி, 2 லட்சம் வரை போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை சிசி, எவ்வளவு மைலேஜ் என்றெல்லாம் விசாரித்த நீங்கள் உங்கள் உயரத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லாதவர் என் இனமாகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் 5 அடி 4 அங்குலம்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்குத் தீவன மருந்து விற்பது என் பிழைப்பு. ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டர். அதில் பாதி தார்ச்சாலை, பாதி பண்ணைக்குப் போகும் மண்தடம். மாமியார் வீடு கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மண்தடமும் உண்டு, மலையும் உண்டு. கரடுமுரடான பாதைக்கென்றே உயரமாகச் செய்த அட்வெஞ்சர் பைக் எனக்கில்லாமல் வேறு யாருக்கு என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம். வண்டியில் குறை இல்லை, வாங்கியவனிடம்தான். அதை வைத்து லடாக் போய்வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஷோரூமில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு முன்பாதங்களும் தரையைத் தொட்டன. அன்று நான் போட்டிருந்தது தடித்த அடி வைத்த ஷூ என்பது பிறகுதான் உறைத்தது. "பழகிவிடும் சார்" என்றான் விற்பனைப் பையன். பழகத்தான் செய்தது. ஓடிக்கொண்டிருக்கும்வரை அதைப்போல ஒரு வண்டி கிடையாது. பள்ளம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

நிற்கும்போதுதான் வினை. பண்ணை வாசலில் சக்கரம் நனைவதற்காகக் கிருமிநாசினித் தண்ணீர்த் தொட்டி கட்டியிருப்பார்கள். அதற்குள் வண்டியை இறக்கி, காவல்காரர் கேட்டைத் திறக்கும்வரை நுனிக்காலில் நிற்பேன். எதிரே தீவன லாரி வந்துவிட்டால் பின்னால் உருட்ட வேண்டும். வண்டி, பெட்ரோல், மருந்துப் பெட்டி எல்லாம் சேர்ந்து 200 கிலோ. கட்டைவிரலால் அதைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் மனைவி, அவள் மடியில் பை நிறைய அன்னாசி. முப்பதுகளில் ஏதோ ஒரு வளைவு, இடப்பக்கம் திரும்புவது. கீழிருந்து பஸ் ஏறி வந்தது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் விதிகளிலேயே இருக்கிறது. இதை இங்கே யார் மதிக்கிறார்கள்? சனி, ஞாயிறு ஆனால் போதும், காரில் பாட்டை அலறவிட்டு, பட்டப்பகலிலும் ஹைபீம் போட்டு, வளைவில் முக்கால் சாலையை அடைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஏறுகிற பஸ் டிரைவர் பின்னால் எடுக்க வேண்டுமாம். கொல்லிமலையில் பெண் எடுத்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், கொஞ்ச நாளைக்கு நீங்கள் ஊட்டிக்கே போங்கள் ஐயா.

நான் விதிப்படி ஓரமாக நின்றேன். இடப்பக்க வளைவின் உட்புறம்தான் சாலை ஆகத் தாழ்ந்திருக்கும் இடம். வலது கால் பிரேக்கில். இடது காலைத் தரையில் ஊன்றப் போனேன்; தரையைக் காணவில்லை. நாலு விரற்கடை கீழே இருந்தது. கால் தேடிக்கொண்டிருக்கும்போதே வண்டி சாய்ந்தது. ஓர் அளவு வரைக்கும் பிடித்துவிடலாம். அதைத் தாண்டினால் பயில்வானாலும் முடியாது. வேகம் பூஜ்யம். மூட்டையை இறக்கி வைப்பதுபோல் மெதுவாகப் படுத்தது. மனைவி குதித்துவிட்டாள். அன்னாசிகள் மட்டும் அடுத்த வளைவை நோக்கி உருண்டன. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது.

எங்களைத் தூக்கிவிட்டவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னும் பின்னும் பலாப்பழம் கட்டி வந்த ஒரு பெரியவர். என் வண்டியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "கால் எட்டலையா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கிளட்ச் லீவர் உடைந்ததைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது.

ஒரு காலை ஊன்றினால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். போதும், பின்னால் ஆள் இல்லாமல், சாலையும் மட்டமாக இருந்தால். உயரத்தைக் குறைக்கும் கிட் போட்டிருக்கலாமே என்பார்கள். அதைப் போட்டால் அடிப்பாகம் கல்லில் இடிக்கும். எதற்காக அதை வாங்கினேனோ அதுவே போய்விடும். ஓட்டத் தெரியாதவன் என்பவர்களுக்குப் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறேன், அவ்வளவுதான்.

பதினான்கு மாதத்தில் 70,000 ரூபாய் நஷ்டத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு ஹோண்டா யூனிகார்ன் எடுத்தேன். 162.7 சிசி, சுமார் 140 கிலோ, இருக்கை உயரம் 798 மி.மீ. பார்க்க வாத்தியார் வண்டி மாதிரி இருக்கிறது என்றான் மச்சான். இருக்கட்டும். இரண்டு பேரோடு 70 வளைவும் ஏறுகிறது. மண்தடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் எப்படியும் போவதில்லை. டியூப்லெஸ் டயர் என்பதால் ஆணி ஏறினாலும் பெரும்பாலும் பஞ்சர் கடைவரை தாக்குப்பிடிக்கிறது. கம்பி வைத்த ஸ்போக் சக்கரத்தில் டியூப் இருந்தால் அந்த இடத்திலேயே உட்கார வேண்டியதுதான்.

நீங்கள் 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் என்றால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு ஹீரோவின் அட்வெஞ்சர் பைக்கான எக்ஸ்பல்ஸ் பக்கம் போங்கள், தவறில்லை. எதுவானாலும் 350 சிசியைத் தாண்டாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 40.

ஓட்டிப் பார்க்கும்போது வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொள்ளுங்கள். மேம்பாலச் சரிவில் நிறுத்திப் பாருங்கள். ஷோரூம் வாசல் மேட்டில் பின்பக்கமாக உருட்டி ஏற்றிப் பாருங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முக்கியமாக, ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள். தினமும் எந்தச் செருப்பில் ஓட்டுவீர்களோ அதிலேயே போங்கள்.