செயற்கை நுண்ணறிவை உருவாக்குவதில் உள்ள சட்டச் சிக்கல்கள், அறச் சிக்கல்கள் என்னென்ன?

நீங்கள் கல்லூரி மாணவர், செமினாருக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதிப்புரிமை, தனியுரிமை, வேலையிழப்பு என்று மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்தான்: ஒருவருடைய முகவரியை வைத்து ஏஐ காட்டும் பாகுபாடு. அது என் வேலையிலும் வந்தது, என் முகவரியையும் தொட்டது.

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி, பின்கோடு 600039. சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்கு: வட சென்னையில் உழைக்கும் மக்களும் தலித் மக்களும் அதிகம் வாழும் பகுதி. சில வருடங்களுக்கு முன்பு, பைக் வாங்கக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். விண்ணப்பம் வந்ததும் கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று மதிப்பெண் போடும் ஏஐ மாடல் ஒன்றை, அதாவது பழைய கடன் விவரங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி முறையை, எங்கள் டீம் தயார் செய்தது. அதைச் சோதிப்பது என் பொறுப்பு.

இரண்டு விண்ணப்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே வயது, இருவரும் டெலிவரி வேலை. ஒருவர் முகப்பேர், பாஸ். இன்னொருவர் வியாசர்பாடி, ரிஜெக்ட். மேனேஜரிடம் காட்டினேன். "சரி, பின்கோடை எடுத்துடுங்க" என்றார். எடுத்தோம். ஏரியாவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. தேடினால், வங்கிக் கணக்கின் ஐஎஃப்எஸ்சி கோடு உள்ளே இருக்கிறது. அதில் உள்ள 11 எழுத்து, எண்களில் கடைசி ஆறும் வங்கிக் கிளையைக் காட்டும். கிளை தெரிந்தால் ஏரியா தெரிந்த மாதிரிதான். அதையும் எடுத்தோம். அப்புறமும் முகவரியில் இருந்த 'போர்டு' (ஹவுசிங் போர்டு), 'பிளாக்' மாதிரி, அரசுக் குடியிருப்பு என்று காட்டிக்கொடுக்கும் சொற்கள் மிச்சமிருந்தன. துரைப்பாக்கத்து ஐடி ஊழியர்களின் அபார்ட்மென்ட்டும் கண்ணகி நகரும் ஒரே 600097-இல்தான் வருகின்றன. பின்கோடால் பிரிக்க முடியாத அவர்களை இந்தச் சொற்கள் பிரித்துவிட்டன. கண்ணகி நகர் மக்கள் விரும்பியா அங்கே போனார்கள்? 2000-க்குப் பிறகு நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதிகளை அகற்றி, அரசே கொண்டுபோய் அங்கே குடியேற்றியது. அந்த முகவரிதான் இன்று அவர்கள் கடனுக்குத் தடை.

மாடலில் சாதி என்று ஒரு விவரம் கிடையாது. தேவையும் இல்லை. யார் எந்தத் தெருவில் இருக்கலாம் என்று ஊர் முன்பே பிரித்து வைத்திருக்கிறது, மாடல் அதைப் படித்துக்கொள்கிறது.

"அந்த ஏரியாவில் வாராக்கடன் அதிகம், கணக்கு பொய் சொல்லுமா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். மாடல் யாரை வைத்துக் கற்றுக்கொண்டது என்று பாருங்கள். முன்பு கடன் கிடைத்தவர்களை வைத்து மட்டும்தான். எங்கள் பக்கத்து ஆட்களில் பெரும்பாலானோரைக் கிளையிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள். கிடைத்த சிலருக்கும் வட்டி அதிகம், அதனால் தவணையும் அதிகம். ஒழுங்காகக் கட்டியிருக்கக் கூடியவர்கள், கடனே கிடைக்காததால் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. நிறுவனம் நஷ்டப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய வருமானத்தையும் பழைய தவணைகளை அவர் கட்டிய விதத்தையும் பார்த்து மறுத்தால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டாததற்கு இவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

சட்டத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 15-வது பிரிவு சாதி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, ஆனால் அது முக்கியமாக அரசைக் கட்டுப்படுத்துவது. தனியார் நிதி நிறுவனத்தை அதை வைத்து நேரடியாகப் பிடிப்பது கடினம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் "இயந்திரம் என்னை ஏன் மறுத்தது?" என்று கேட்கும் உரிமை அதில் தனியாக இல்லை. ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) திட்டத்துக்குப் போனால், நிறுவனத்தின் வணிக முடிவு குறித்த புகார்களை அது ஏற்காது. கடன் மறுப்பு வணிக முடிவு என்று சொல்லிவிட்டால் அங்கேயும் கதவு மூடிவிடும். ஐரோப்பாவில் நிலைமை வேறு. கடன் கொடுப்பவர் பெரிதும் நம்பி முடிவெடுக்கும் மதிப்பெண்ணே ஒரு தானியங்கி முடிவுதான் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஒரு ஜெர்மன் வழக்கில் சொன்னது. 2024-இல் வந்த அவர்களுடைய ஏஐ சட்டமும் தனிநபர்களின் கடன் தகுதியை மதிப்பிடுவதை அதிக ஆபத்துள்ள பட்டியலில் வைத்திருக்கிறது.

இது சின்ன விஷயம் என்பவர்கள் நெதர்லாந்தைப் பாருங்கள். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைப் பிடிக்க அங்கே வரித்துறை வைத்திருந்த கணினி முறை, டச்சுக் குடியுரிமை இல்லாததையும் ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. அந்த உதவித்தொகை விவகாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசாங்கமே ராஜினாமா செய்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நல்ல சம்பளம் வந்த பிறகு அண்ணா நகர் பக்கம் வாடகைக்கு வீடு தேடினேன். வேலை, சம்பளம் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் "இப்போ எங்க இருக்கீங்க?" என்பார்கள். வியாசர்பாடி என்றதும் "சொல்லி அனுப்புறோம்". ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. என் தம்பி இன்றைக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெரம்பூரில் இருக்கும் அத்தை வீட்டு முகவரியைத்தான் போடுகிறான். திறமைக்குத்தான் வேலை என்று பேசுபவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

எங்கள் மாடலில் கடைசியில் முகவரிச் சொற்களையும் எடுத்தார்கள். மதிப்பெண் எல்லைக்கோட்டில் நிற்கும் விண்ணப்பங்களை ஒரு ஆள் படித்துப் பார்க்க வேண்டும் என்றும் வைத்தார்கள். அதற்காக நான் நிறைய மீட்டிங்கில் சண்டை போட்டேன், அதில் எனக்குப் பெருமைதான்.

உங்கள் செமினாருக்கு ஒன்று சொல்கிறேன். எந்த நிறுவனமாவது "சாதி, மதம் எதையும் எங்கள் மாடல் பார்ப்பதில்லை" என்று சொன்னால், ஏரியாவாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை ஏற்கப்பட்டது என்ற அட்டவணையைக் கேளுங்கள். கொடுத்தால் அதை ஸ்லைடில் போடுங்கள். கொடுக்க மறுத்தால், மறுத்ததைப் போடுங்கள்.