பெரிய டயர் மாட்டினேன், வண்டி முக்குகிறது!

கேள்வி: பீம்என்ஜி டிரைவ் என்ற வண்டி ஓட்டும் கணினி விளையாட்டில் என் ஆஃப்ரோடு வண்டிக்கு 30 அங்குல டயருக்குப் பதில் 37 அங்குலம் மாட்டினேன். மேடு ஏற மறுத்தது. முன் டிஃபரன்ஷியல் விகிதத்தை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்ணை) கூட்டினேன். இப்போது ஃபோர்வீலில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில்) தார்ச்சாலையிலேயே திணறுகிறது. ஏன்?

பதில்: கணக்கு எளிது: டயர் பெரிதான அளவுக்கு விகிதமும் கூட வேண்டும். பழைய விகிதம் 4.10 என்றால் 4.10 × 37 ÷ 30 = 5.06. நிஜ வண்டிகளுக்கு 5.13 கிடைக்கிறது; அதையே போடுங்கள். முன்னுக்கு மட்டும் மாற்றியதுதான் வினை. ஃபோர்வீலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் பக்கங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பூட்டிக்கொண்டால் முன், பின் ஷாஃப்ட்கள் ஒரே வேகத்தில்தான் சுற்றும். விகிதம் வேறானால் இரண்டு ஆக்சிலும் மல்லுக்கட்டும். சேற்றில் டயர் வழுக்கித் தப்பிக்கும். தாரில் அதற்கு வழியேது? ஷாஃப்ட்தான் ஒடியும்.

விளையாட்டின் மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள், அப்டேட்டில் அடித்துக்கொண்டு போய்விடும். ஃபைனல் டிரைவ், அதாவது அந்த டிஃபரன்ஷியல் விகிதம் உள்ள ஜேபீம் கோப்பை (வண்டியின் பாகங்களை விவரிக்கும் கோப்பு) மாட்ஸ் ஃபோல்டரிலுள்ள அன்பேக்ட் ஃபோல்டருக்குள் உங்கள் மாடின் (விளையாட்டில் நீங்கள் சேர்க்கும் மாற்றத்தின்) வெஹிக்கிள்ஸ் ஃபோல்டரில், அந்த வண்டியின் பெயரிலேயே உள்ள ஃபோல்டருக்கு நகலெடுங்கள். பாகத்தின் பெயரை மாற்றுங்கள்; ஸ்லாட் வகையை (பாகம் எந்த இடத்தில் பொருந்தும் என்ற குறிப்பை) தொடாதீர்கள், தொட்டால் பாகப் பட்டியலில் தலைகாட்டாது. முன், பின் இரண்டிலும் 5.13 எழுதி, கன்ட்ரோல்+ஆர் அழுத்தி வண்டியை மீண்டும் ஏற்றுங்கள். வண்டியே வரவில்லையா? பெரும்பாலும் மூடாத அடைப்புக்குறி ஒன்று எங்கோ இருக்கும்.