வேரில் காய்க்காத வேர்க்கடலை

கேள்வி: ‘வேர்க்கடலை வேரில் காய்க்கும்’ என்று என் மகள் பரீட்சையில் எழுதினாள். தப்பு என்று அடித்துவிட்டார்கள். பேரிலேயே வேர் இருக்கிறதே, ஐயா? (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: டீச்சர் பக்கம்தான் நியாயம், அம்மா. பேர் வைத்தவர் செடியைப் பிடுங்கிப் பார்த்ததோடு சரி, பூத்தபோது பார்க்கவில்லை போலிருக்கிறது. எங்கள் திண்டிவனம் பக்கம் இதற்கு மல்லாட்டை என்று பேர். மணிலாக்கொட்டை தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. (பூர்வீகம் மணிலாவும் இல்லை, தென் அமெரிக்கா!)

விதைத்த 25, 30 நாளில் இலைக்கணுவில் மஞ்சளாகப் பூக்கும். காலையில் விரிந்த பூ அன்றைக்கே வாடிவிடும். அதற்குள் தன் மகரந்தத்திலேயே கருத்தரித்திருக்கும். சில நாளில் அந்த இடத்திலிருந்து ஊசி போல ஒன்று தரையைப் பார்த்து நீளும். அதுதான் விழுது. அதன் நுனியில்தான் காயாகப் போகிற சூல். மண்ணைத் துளைத்து இரண்டு அங்குலம் போல இறங்கி, இருட்டில் படுத்துக்கொண்டு காயாகப் பருக்கும். மண்ணை எட்டாத விழுது காய்ந்துவிடும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். உதவி செய்வதாக நினைத்து, ஐம்பது நாள் பயிரில் களைக்கொட்டோடு இறங்கினேன். “விழுது இறங்கின கொல்லையில கொத்துறியேடா பாவி!” என்று ஆயா வரப்பிலிருந்தே கத்தினாள். நான் வெட்டிப்போட்டது களையை மட்டும் இல்லை என்பது அப்போது புரியவில்லை.

40, 45ஆம் நாளில் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ தூவி மண் அணைப்பதும் இந்த விழுதுக்காகத்தான். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து இலைக்கு ஏறிப்போகுமே தவிர, திரும்பக் காய்க்கு இறங்கி வராது. காயே தன் ஓட்டின் வழியாக மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் உள்ளே பருப்பில்லாத பொக்குதான்.

வேரில் உருண்டை உருண்டையாக ஒட்டியிருப்பது வேர்முடிச்சு. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்களின் குடித்தனம் அங்கே. மகளிடம் நாலு பச்சைக் கடலையைக் கொடுத்து, வாயகன்ற தொட்டியில் மணல் கலந்த மண்ணில் ஊன்றச் சொல்லுங்கள். வறுத்தது வேண்டாம்!

கேள்வி: முந்திரிக்கு மட்டும் கொட்டை ஏன் பழத்துக்கு வெளியே தொங்குகிறது? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: கொட்டை என்கிறீர்களே, அதுதான் உண்மையான காய். பழம் என்று நாம் சப்புவது பூக்காம்பு வீங்கியது. கோடையில் பண்ருட்டிப் பக்கம் போனால் பார்க்கலாம்: முதலில் பச்சைக் கொட்டை மட்டும் தொங்கும், காம்பு அப்புறம்தான் ஊதிப் பழுக்கும். கொட்டையை மட்டும் பல்லால் உடைத்துவிடாதீர்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் புண்ணாகும். ஒரு லீவு முழுக்க மோர்சாதம் சாப்பிட்டவன் சொல்கிறேன்.

கேள்வி: அன்னாசி மரம் எவ்வளவு உயரம் வளரும்? (வாசகர், கரூர்)

பதில்: கொல்லிமலைக்குப் போய் வாருங்கள். இடுப்பளவு செடிதான், மரமே கிடையாது. நடுக்குருத்திலிருந்து தண்டு கிளம்பி, அதைச் சுற்றி நூற்றுக்கும் மேலே பூக்கும். அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்ததுதான் பழம். தோல் சீவும்போது தோண்டி எடுக்கிறோமே, அந்த ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம்.