பிரேசிலின் பெஞ்ச் பலம்: கேமரூன் ஆட்டத்தை வைத்து அளக்காதீர்கள்

கேள்வி: 2022 கால்பந்து உலகக் கோப்பைக்குப் போன பிரேசிலால் இரண்டு முழு அணிகளை இறக்க முடியும் என்று கொண்டாடினார்கள். 9 பேரை மாற்றியதுமே கேமரூனிடம் 0-1 என்று தோற்றுவிட்டதே! பெஞ்சில், அதாவது மாற்று வீரர்களிடம், பலம் இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பதில்: அந்த ஆட்டம் சாட்சியே அல்ல. அதற்கு இரண்டு நாள் முன்பு பிரான்ஸும் 9 பேரை மாற்றி, டுனிசியாவிடம் அதே 0-1 கணக்கில் தோற்றது. ஆனாலும் இறுதி ஆட்டம் வரை போனது. அடுத்த சுற்று உறுதியான பிறகு ஒரேயடியாக 9 பேரை மாற்றினால், சேர்ந்து ஆடிப் பழகாதவர்கள்தான் களத்தில் நிற்பார்கள். முதல் அணிக்குள் ஒரு மாற்று வீரர் புகுந்தால் எப்படி ஆடுவார் என்பது அதில் தெரியவே தெரியாது.

பெஞ்சை இடம் வாரியாக அளக்க வேண்டும். 11 இடங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் ஆளைக் குறியுங்கள். மாற்று வீரர் இறங்கியபோது ஸ்கோர் என்ன, அவருக்காக வேறு யாரும் இடம் மாற வேண்டியிருந்ததா என்றும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது குறிப்புதான் முக்கியம்.

பிரேசிலுக்குப் போட்டுப் பாருங்கள். 26 பேரில் முன்கள வீரர்கள் மட்டும் 9. ஃபுல் பேக்குகள், அதாவது ஓரங்களில் ஆடும் தடுப்பு வீரர்கள், இரு பக்கமும் சேர்த்து 4 பேர்தான், அதிலும் டானி ஆல்வ்ஸுக்கு வயது 39. செர்பியாவுடன் ஆடியபோது டனிலோவுக்குக் காயம், ஸ்விட்சர்லாந்துடன் ஆடியபோது அலெக்ஸ் சாண்ட்ரோவுக்கு, கேமரூனுடன் ஆடியபோது அலெக்ஸ் டெலெஸுக்கு. கடைசி இருவரும் இடப்பக்க ஃபுல் பேக்குகள். விளைவு? தென் கொரியா, குரோஷியா ஆட்டங்களில், குணமாகித் திரும்பிய ரைட் பேக் (வலப்பக்க ஃபுல் பேக்) டனிலோ இடப்பக்கம் போனார். நடுவில் ஆடும் தடுப்பு வீரரான சென்டர் பேக் மிலிடாவ் வலப்பக்கம் வந்தார். ஒரு இடம் காலியானதற்கு இரண்டு இடங்கள் கலைந்தன. கேமரூனிடம் பிரேசில் உண்மையில் இழந்தது டெலெஸைத்தான், அந்த ஒரு கோல் பெரிய விஷயமே இல்லை.

பிரான்ஸின் இடப்பக்கத்தைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுடன் ஆடிய முதல் ஆட்டத்தின் 13-வது நிமிடத்தில் லூக்காஸ் எர்னாண்டஸ் முழங்கால் காயத்தோடு வெளியேற, தம்பி தியோ அதே இடத்தில் இறங்கினார். வேறு யாரும் அசைய வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது லெஃப்ட் பேக் (இடப்பக்க ஃபுல் பேக்) கிடையாது. அதனால் நடுகள வீரர் கமவிங்காவை அந்த இடத்தில் பயிற்சியாளர் டெஷாம் ஆடவிட்டார். அது அந்த டுனிசியா ஆட்டத்தில்தான். இறுதி ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, 71-வது நிமிடத்தில் தியோவை எடுத்துவிட்டு அதே கமவிங்காவை அதே இடத்தில் இறக்கினார். 81-வது நிமிடத்துக்குள் ஸ்கோர் 2-2.

பிரேசிலின் முன்களப் பலம் நிஜம். குரோஷியாவுக்கு எதிராக ஆண்டனி, ரோட்ரிகோ, பெட்ரோ மூவரும் இறங்கியபோது அமைப்பு குலையவில்லை. கூடுதல் நேரத்தில் நெய்மர் கோல் அடித்து 1-0 ஆன பிறகுதான் சிக்கல். அந்த முன்னிலையைக் காக்க, பக்கேட்டாவுக்குப் பதில் ஃபிரெட் வந்தார். தடுப்பு ஆட்டமே தொழிலான ஃபாபினியோ கடைசி வரை பெஞ்சில் இருந்தார். 117-வது நிமிடத்தில் எதிர்த்தாக்குதலில் பெட்கோவிச் சமன் செய்தார், பெனால்டி ஷூட் அவுட்டில் பிரேசில் 2-4 என்று தோற்றது. இது ஆள் இல்லாத குறை அல்ல. இருந்த ஆளை இறக்காத குறை. இதைப் பயிற்சியாளர் டிட்டே கணக்கில் எழுதுங்கள். ஃபுல் பேக் பஞ்சத்தை அணித் தேர்வின் கணக்கில் எழுதுங்கள்.