மீளாய்வுக்குப் போகாமலே திரும்பிய கட்டுரை: உசாத்துணையை எங்கிருந்து திருத்துவது?

கேள்வி: பேராதனையில் முதுமாணிப் பட்டத்துக்குச் செய்த ஆய்வை, ஹட்டனில் வீட்டிலிருந்தபடி கட்டுரையாக்கி ஒரு விஞ்ஞான சஞ்சிகைக்கு அனுப்பினேன். தேயிலை மண்ணின் அமிலத்தன்மை பற்றியது, 46 உசாத்துணைகள். “உசாத்துணைகள் எமது நடைக்கு அமையவில்லை, உரையும் பட்டியலும் ஒத்துப்போகவில்லை” என்று மீளாய்வுக்கு முன்னரே திருப்பிவிட்டார்கள். திருத்த 14 நாள் இருக்கிறது. எல்லாவற்றையும் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: காற்புள்ளியிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். உங்களிடம் இரண்டு குறை சொல்லியிருக்கிறார்கள். அதில் இரண்டாவதுதான் பாரமானது. நடையில் பிழை இருந்தால் அச்சுக்கு முன் யாராவது சரிசெய்துவிடலாம். உரையில் சொன்ன ஆதாரம் பட்டியலில் இல்லாவிட்டால், அது எந்தக் கட்டுரை என்பது உங்களைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது.

முதலில் பட்டியலைத் தாளில் அச்செடுங்கள். பிறகு வேர்டில் தேடும் பெட்டியில் ^#^#^#^# என்று கொடுங்கள். நான்கு இலக்கம் சேர்ந்து வரும் இடமெல்லாம், அதாவது ஆண்டுகள் எல்லாம், ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு சரி போடுங்கள். கடைசியில் சரி விழாத பதிவுகள், நீங்கள் எப்போதோ வெட்டியெறிந்த பந்திகளுக்கு உரியவை. அவற்றை நீக்கிவிடலாம். ஆண்டு மட்டும் முரண்படுபவையும் சில இருக்கும். ஒரு கட்டுரை 2018 இல் இணையத்தில் வந்து, 2019 இதழில் சேர்ந்திருக்கும். உரையில் ஒன்று, பட்டியலில் மற்றது. தொகுதி எண் கிடைத்துவிட்டதென்றால் இதழின் ஆண்டையே இரண்டு இடத்திலும் வையுங்கள்.

அடுத்தது சொட்டெரோ. உசாத்துணைகளைச் சேமித்து, மேற்கோளையும் பட்டியலையும் தானே அமைக்கும் இலவச மென்பொருள், 46 பதிவுக்கு இரண்டு மாலைப்பொழுது போதும். பழைய பட்டியலின் ஒவ்வொரு வரியையும் அப்படியே டிஓஐ எண்களைப் பதியும் குரொஸ்ரெஃப் நிறுவனத்தின் தேடல் பக்கத்தில் ஒட்டினால், 10 என்று தொடங்கும் டிஓஐ எண், அதாவது அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர அடையாள எண், கிடைக்கும். அதைச் சொட்டெரோவின் மந்திரக்கோல் பொத்தானில் கொடுத்தால் விவரம் தானாக நிரம்பும். கூகுள் ஸ்கொலரின் ‘மேற்கோள்’ பெட்டியிலிருந்து நகலெடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் டிஓஐ இராது.

தானாக நிரம்பியதை நம்பிவிடவும் கூடாது. நம் நாட்டு ஆதாரங்களில் சறுக்குவது பெயரில்தான். முத்துசாமியின் மகன் கணேசன் என்று வைத்துக்கொள்வோம். அவர் மு. கணேசன். ‘குடும்பப் பெயர்’ என்ற பெட்டிக்குள் போகவேண்டியது கணேசன். முதலெழுத்துப் பெட்டிக்குள் மு. அவரே வெளிநாட்டுச் சஞ்சிகையில் கணேசன் முத்துசாமி என்று எழுதியிருந்தால், தரவுத்தளம் அவரை முத்துசாமி, க. என்று பதிந்திருக்கும். ஒரே ஆள் உங்கள் பட்டியலில் இரண்டு ஆளாக நிற்பார். இதில் நீங்கள் நீதி வழங்கப் போகவேண்டாம். அந்தந்தக் கட்டுரையின் முதற்பக்கத்தில் அவர் எப்படி அச்சிட்டிருக்கிறாரோ அதையே பின்பற்றுங்கள். ‘டி சில்வா’ போன்ற பெயர்களில் ‘டி’யையும் சேர்த்தே குடும்பப் பெயர்ப் பெட்டியில் இடுங்கள். இல்லாவிட்டால் ‘சில்வா, எம். டி.’ என்று பிரிந்துபோகும்.

நிறுவனப் பெயர் இதைவிட மோசம். டீ ரிசேர்ச் இன்ஸ்டிடியூட் ஒஃப் ஸ்ரீ லங்கா (இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம்) என்பதை இரண்டு பெட்டியாக விட்டால், மென்பொருள் அதை ஒரு மனிதராக எடுத்துக்கொண்டு ‘லங்கா, டி. ஆர். ஐ. ஒ. எஸ்.’ என்பது போன்ற ஒன்றைத் துப்பும். பெயர்ப் பெட்டிக்கு அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைப் பெட்டியாக்குங்கள். அந்த நிறுவகம் இருக்கும் தலவாக்கலையிலிருந்து வந்த பழைய வெளியீடாயின், அட்டையில் ‘ஒஃப் சிலோன்’ என்று இருந்தால் அப்படியே விடுங்கள். 1972 இல் நாட்டின் பெயர் மாறியது; அச்சிட்ட புத்தகத்தின் பெயர் மாறவில்லை. ஆலோசனைச் சுற்றறிக்கைகளை ‘அறிக்கை’ என்ற வகையில் பதிந்து, சுற்றறிக்கையின் இலக்கத்தையும் வெளியான திகதியையும் தவறாமல் கொடுங்கள்.

சஞ்சிகைப் பெயர்களைச் சுருக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட் 1881 இல் தொடங்கிய நம் நாட்டு இதழ். ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சர் ட்ரினிடாட்டில் இருந்து வருவது. ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரல் ரிசேர்ச் பேராதனைப் பட்டப்பின் விவசாய நிறுவகத்தினுடையது. முதல் இரண்டையும் ‘ட்ரொப். அக்ரிக்.’ என்று சுருக்கிவிட்டால், வாசகர் தவறான தீவில் போய்த் தேடுவார். சஞ்சிகை சுருக்கம் கேட்டால் இடப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள். முழுப் பெயரை அனுமதித்தால் முழுப் பெயரே நல்லது. நேச்சர் போன்ற ஒற்றைச் சொற் பெயர்களைச் சுருக்குவதில்லை.

தோட்டத் துரை வாய்மொழியாகச் சொன்ன விளைச்சல் கணக்கு பட்டியலில் வரக்கூடாது. அவரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, உரைக்குள்ளேயே ‘தனிப்பட்ட தொடர்பு’ என்று திகதியுடன் குறிப்பிடுங்கள். தோட்டத்து மழைப் பதிவேடும் உசாத்துணை அல்ல. அது உங்கள் தரவு; ஆய்வுமுறைப் பகுதியில் சொல்லவேண்டியது.

ஆங்கிலக் கட்டுரைத் தலைப்புகளை முதற்சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குமாறு சேமியுங்கள். அப்படி இருந்தால் எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டிய நடைக்கு மென்பொருளே மாற்றிக்கொள்ளும். மறுபக்கம் மாற்ற அதற்குத் தெரியாது. தேயிலையின் விஞ்ஞானப் பெயரைத் தலைப்புக்குள் சாய்வெழுத்தாக்க அதன் இரு பக்கமும் சாய்வெழுத்துக் குறிச்சொல் இடவேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நடை. சொட்டெரோவின் நடைக் களஞ்சியத்தில் சஞ்சிகையின் பெயரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தச் சஞ்சிகையின் அண்மைய இதழில் ஒரு கட்டுரையை எடுத்து, மூன்றை மட்டும் பாருங்கள்: உரையில் எண்ணா, பெயரும் ஆண்டுமா; எத்தனை ஆசிரியருக்குப் பின் ‘மற்றும் பிறர்’; டிஓஐ எந்த வடிவில். மருத்துவச் சஞ்சிகைகளில் பரவலான வன்கூவர் என்ற எண் நடையில் வழக்கமாக ஆறு பெயருக்குப் பின் ‘மற்றும் பிறர்’ வரும். பெயரும் ஆண்டும் இடும் ஏபிஏ (அமெரிக்க உளவியற் சங்க) நடையின் ஏழாம் பதிப்பில் 20 பெயர் வரை பட்டியலில் முழுமையாக எழுதவேண்டும்; உரையிலோ மூன்று பேர் என்றாலே முதல் ஆசிரியரின் பெயரும் ‘மற்றும் பிறர்’ என்பதும் போதும். எண் நடையாக இருந்தால், அட்டவணைக்குள் மட்டும் வரும் ஆதாரத்துக்கு, அந்த அட்டவணையை உரையில் முதன்முதல் குறிப்பிடும் இடத்தின் வரிசையில் எண் விழவேண்டும்.

கையால் தட்டிய மேற்கோள்களை ஒவ்வொன்றாக அழித்து, அதே இடத்தில் சொட்டெரோ மூலம் செருகுங்கள். செருகியதன்மேல் கையால் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துபோகலாம். பிழையைச் சொட்டெரோவில் உள்ள பதிவிலேயே திருத்துங்கள். அனுப்புவதற்கு முன் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்து, அந்தப் பிரதியில் மட்டும் சொட்டெரோவுடனான இணைப்பை அறுங்கள். அறுத்த கோப்பை மீண்டும் இணைக்க முடியாது. மீளாய்வாளர் இன்னும் நான்கு ஆதாரம் சேர்க்கச் சொன்னால் உங்களுக்கு மூலக்கோப்பு வேண்டும்.