மகளின் மண் போத்தல்களும் மாமாவின் மருத்துவக் கனவும்

உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் முறையும் மருத்துவபீடத்திற்குப் போதிய இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் புள்ளி) கிடைக்காத மகளுடன், வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் சென்ற வாரம் என்னைச் சந்திக்க வந்தார். மூன்றாம் முறையும் எழுதுவதா, லண்டனிலுள்ள மாமா வற்புறுத்துவதுபோலக் காணியை ஈடுவைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிப்பதா என்பதே அவருடைய கேள்வி. ஆறுதல் சொல்லத்தான் தொடங்கினேன். மகள் தன் பையிலிருந்து மூன்று ஜாம் போத்தல்களை எடுத்து மேசையில் வைத்ததும் என் பேச்சு மாறிவிட்டது.

கடற்கரை மணல், களனி ஆற்றோர மண், அம்மப்பாவின் ஊரான இரணைமடுவின் செம்மண். ஒவ்வொன்றையும் தண்ணீரில் குலுக்கி வைத்து, மணல் உடனே அடங்குவதையும், வண்டல் மெதுவாக இறங்குவதையும், களி மறுநாளும் கலங்கலாகவே நிற்பதையும் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதியிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல.

தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: அம்மா, தொல்லியல் ஆய்வுகூடத்தில் மண்ணின் துணிக்கைகளைப் பிரித்தறிவதும் இதே தத்துவத்தில்தான். இரணைமடுவின் பெயரைத் தாங்கிய மண்படிவைத் தெற்கே புந்தலவில் அகழ்ந்துதான் தொல்லியலாளர் சிரான் தெரணியகல தொன்மையான கற்கருவிகளைக் கண்டெடுத்தார். தொல்லியல் என்றால் வெயிலில் குழி தோண்டுவது என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். தோண்டிய பின் மேசையில் நடக்கும் வேலையோ அதைவிட நீண்டது. மண் மாதிரியை உலர்த்தி நிறுத்து, உலையில் ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் எரித்து மீண்டும் நிறுத்தால், குறைந்த நிறை அதிலிருந்த சேதனப் பொருளின் அளவைக் காட்டும். பொசுபேற்று மிகுந்திருந்தால் அங்கே மனிதரோ கால்நடைகளோ வாழ்ந்திருக்கக்கூடும். மண்கட்டியைப் பிசினால் இறுக்கி 0.03 மில்லிமீற்றர் தடிப்பிற்குத் தேய்த்தெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அடுப்புச் சாம்பலும் மிதிபட்ட தரையும் படலம் படலமாகத் தெரியும். கற்கருவிகளுக்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும். ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த பாகியங்கல குகையின் நுண்கற்கருவிகள் பெரும்பாலும் குவாட்ஸ் கல்லால் ஆனவை. அக்கல் ஒழுங்காக உடையாததால், கையால் தட்டி உடைத்ததா, தானாக உடைந்ததா என்பதை விளிம்பின் சிறு தடயங்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் அவள் ஏற்கெனவே படித்த உயிரியலும் இரசாயனமுமே அடிப்படை. அரச பல்கலைக்கழகமொன்றில் கட்டணமின்றி விஞ்ஞானப் பட்டம் பெற்றபின், கொழும்பு 7 இலுள்ள, களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தை நாடலாம். தொல்லியலில் பதவிகள் குறைவு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் மண்ணைப் பகுத்தாயக் கற்ற கைக்கு விவசாய ஆராய்ச்சியிலும், மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலும் வேலைக்கு வழியுண்டு.

காணி விடயத்தில் நான் இணங்கமாட்டேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருபவர் இங்கே இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையிலும் தேறவேண்டும். அந்த ஆண்டுகள் முழுவதும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், மருத்துவத்தைப் பற்றி நான் மூன்று தடவை கேட்டபோதும் உங்கள் மகள் உங்கள் முகத்தைத்தான் பார்த்தாள். மண்ணைப் பற்றிக் கேட்டபோது என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளின் வரிசையை அவளே எழுதட்டும். மாமாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.